55 சென்டிமீட்டருக்குள் ஒரு வீடு

சிங்கப்பூரின் சுங்கை தெங்காவில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில், ஒரு சனிக்கிழமை காலை, நாய்க்கு உயரம் அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தையற்காரரின் நாடா இதற்கு உதவாது. உடம்போடு ஒட்டி வளைந்து, இல்லாத உயரத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். நாயைச் சுவரோரமாக நான்கு கால்களையும் நேராக ஊன்றி நிற்க வைக்க வேண்டும். கழுத்து முதுகோடு சேரும் இடத்தில், தோள்களின் உச்சியில், தட்டையான ஒரு பலகையைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பலகையிலிருந்து தரைவரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். தலை கணக்கில் வராது. வாலும் வராது, அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

முதல் அளவு 57. தொண்டூழியர் ஒருவர் நாயின் நெற்றியை நீவிக் கொடுத்து அமைதிப்படுத்தினார். இரண்டாவது அளவு 56. மூச்சை வெளியே விட்டால் குறையுமோ என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாவது முறையும் 56. அந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டு, எழுதியவர் பேனாவை மூடாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். தெம்பனிஸில் மூவறை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம் அந்த நாயை இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. அவர்கள் வீட்டு வகைக்கு விதித்த வரம்பு 55. அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

காப்பகம் என்றால் இரக்கமுள்ளவர்கள் அனாதை விலங்குகளுக்குச் சோறு போடும் இடம், நல்ல மனம் படைத்த ஒருவர் வந்து அழைத்துப்போகும்வரை அவை அங்கே காத்திருக்கும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இரக்கம் இருக்கிறது, குறைவில்லை. ஆனால் எந்த விலங்கு எத்தனை நாள் காத்திருக்கும் என்பதை இந்த ஊரில் பெரும்பாலும் வீடமைப்பு விதிகளே முடிவு செய்கின்றன. குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறோம். வீவக வாசலைத் தாண்டி எது நுழையலாம் என்ற விதியில் ஒரு வரி மாறினால், சுங்கை தெங்காவில் ஒரு வரிசைக் கூண்டுகள் காலியாகும். மாறாவிட்டால் நிரம்பியே இருக்கும்.

வீவக வீட்டில் ஒரு நாய் வளர்க்கலாம். அது அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். சிவாவா, பொமரேனியன், ஷிட்சூ, மினியேச்சர் ஷ்னாவ்ஸர் என்று நீளும் பட்டியல் அது. தமிழில் நாம் சாதி நாய் என்கிறோமே, அந்த வகை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணின் மழையில் நனைந்து வளர்ந்த நாய்க்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இங்குள்ளவர்கள் அதற்கு ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூரிய முகம், ஒரு காது நிமிர்ந்து மறு காது மடிந்திருக்கும். தஞ்சாவூரிலிருந்து வந்த உறவினர் ஒருவருக்குப் படம் காட்டினேன். “இது நம்ம தெரு நாய்தானே, இதில் என்ன ஸ்பெஷல்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

அந்த நாய்களுக்கு வீவக கதவு முதன்முதலாகச் சற்றுத் திறந்தது 2012-இல். அடோர் திட்டம் என்ற பெயரில், விலங்குநல அமைப்புகள் வழியாகத் தத்தெடுக்கப்படும் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க அனுமதி கிடைத்தது. தோள் உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோ என்பது அன்றைய வரம்பு. 2020 மார்ச்சில் எடை வரம்பு நீக்கப்பட்டது. உயரம் 55 சென்டிமீட்டராக உயர்ந்தது. நாய்க்குக் கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப், உரிமம் ஆகிய நான்கும் வேண்டும். அடிப்படைப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். வளர்ப்பவர் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்திட வேண்டும். கடையில் பொமரேனியன் வாங்குபவரிடம் பயிற்சி முடித்ததா என்று யாரும் கேட்பதில்லை. மாடி அதிரக் குரைப்பது பல நேரம் எது என்பதை மின்தூக்கியில் நாயோடு பயணம் செய்த எவரும் அறிவார்.

ஏன் உயரம்? உயரத்தை அளந்துவிடலாம், குணத்தை அளப்பது கடினம் என்பதைத் தவிர வேறு நல்ல விடை எனக்குத் தோன்றவில்லை. விதி எழுதுபவரின் சங்கடமும் புரிகிறது. ஒரு மின்தூக்கியை நூறு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. நாயைக் கண்டாலே நடுங்கும் குழந்தைகள் அவற்றில் இருக்கிறார்கள். நாயின் உமிழ்நீர் பட்டால் முறைப்படி கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டிய சமய நெறியுள்ள அண்டை வீட்டார் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த மின்தூக்கி சொந்தம். எங்கோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனாலும், பதினைந்து வயதான, பல்லெல்லாம் கொட்டிப்போன, நாள் முழுதும் உறங்குகிற 58 சென்டிமீட்டர் கிழட்டு நாய்க்கு அந்தக் கோட்டின் மறுபக்கம் என்ன வேலை என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் நம்மவர்களின் பங்கு இருக்கிறது. சிங்கப்பூரின் தெரு நாய்களைத் தெருவில் பார்ப்பது அரிது. தொழிற்பேட்டைகள், காட்டோரங்கள், கட்டுமானத் தளங்கள் ஆகியவைதான் அவற்றின் ஊர்கள். கட்டுமானத் தளத்தில் இரவுக் காவலுக்குத் துணையாகவும் பேச்சுத் துணையாகவும் நாய்கள் வந்து சேரும். அவற்றுக்குச் சோறு போடுபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். விடியற்காலையில் பொட்டலம் கட்டி வந்த கேட்டரிங் சோறு மதியத்துக்குள் வாடிப்போயிருக்கும். அதில் பாதி நாய்க்குப் போகும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் கட்டடம் எழும்பி முடியும். ஊழியர்கள் வேறு தளத்துக்கு மாற்றப்படுவார்கள். நாயை அழைத்துப்போக அவர்களுக்கு உரிமையும் இல்லை, இடமும் இல்லை. விடுதியில் ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும்தான் அவர்களுடையவை. வேலி பிரிக்கப்பட்டு, புல் நட்டு, குடியேறுபவர்கள் வரும்போது, நாய் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். புதிதாக வந்தவர்கள் புகார் கொடுப்பார்கள். அவர்கள்மீதும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த 56 சென்டிமீட்டர் நாயும் அப்படி வந்ததுதான். கூண்டுக் கதவில் தொங்கிய அட்டையில் அதன் பெயர் ‘மோட்டோ’ என்று இருந்தது. பிடிபட்டபோது, தளத்தில் எஞ்சியிருந்த யாரோ அதன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். மோட்டோ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, ஒருவேளை காது மந்தமோ என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார்கள். நான் விளையாட்டாக, நாக்கு பழகிய பழக்கத்தில், “இங்க வாடா” என்றேன். நாய் துள்ளி எழுந்து கம்பியருகே வந்து, காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. அருகில் நின்ற சீனத் தொண்டூழியர் திகைத்துப்போனார். பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தோம். மூர்த்தி, மாட்டு, மொட்டை. ‘முத்து’ என்றதும் வால் கூண்டுச் சுவரில் டமடமவென்று அடித்தது. ஓராண்டுக்கு மேல் அந்த நாயிடம் எல்லாரும் அதற்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ‘கட்டளைகளுக்குப் பணிவதில்லை’ என்று அட்டையில் ஒரு குறிப்பும் இருந்தது.

காப்பகங்கள் ஏன் எல்லாம் ஒரே மூலையில் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்குச் சிறிய விளக்கம். விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் 1947-இல் பிரிட்டிஷ் சங்கத்தின் கிளையாகத் தொடங்கியது. 1984 முதல் மவுண்ட் வெர்னன் சாலையில் இயங்கி, 2016-இல் சுங்கை தெங்காவுக்கு இடம்பெயர்ந்தது. தனியார் காப்பகங்கள் பலவும் பாசிர் ரிஸ் ஃபார்ம்வேயிலும் சிலேத்தார் வெஸ்ட் ஃபார்ம்வேயிலும் இருந்தன. 2017, 2018 வாக்கில் அந்த நிலங்களின் குத்தகை முடிந்தபோது, சுங்கை தெங்காவில் அரசு கட்டிய ‘அனிமல் லாட்ஜ்’ கட்டடத்துக்கு அவற்றில் பல மாறின. பழைய இடத்தில் மண் தரையும் தகரக் கூரையும் இருந்தன; நாய்கள் ஓடுவதற்கு இடம் இருந்தது. புதிய இடத்தில் கழிவுநீர் வசதி நன்றாக இருக்கிறது. ஒரு நாய் குரைத்தால் எதிரொலி சேர்ந்து ஒன்பதாகக் கேட்கிறது.

தெங்கா என்றால் மலாயில் நடு. பக்கத்தில் சுமார் 700 ஹெக்டரில் தெங்கா நகரம் எழுகிறது. 42,000 வீடுகள் என்பது திட்டம். அங்கே முன்பு காடு இருந்தது, காட்டில் நாய்கள் இருந்தன. அந்த நாய்களில் சில இப்போது காப்பகத்தில் இருக்கின்றன. மாலை நடைக்கு அழைத்துப்போனால் பழைய வசிப்பிடத்தில் முளைத்த கட்டடங்களை அவை பார்க்கலாம். நுழைய வேண்டுமென்றால் 55.

பூனைகளின் கதை வேறு மாதிரி. 1989 முதல் வீவக வீட்டில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. பூனையை வீட்டுக்குள் அடக்கிவைப்பது கடினம், வெளியே போனால் முடி உதிர்க்கும், பொது இடத்தில் அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பொய் என்று ஒன்றையும் தள்ள முடியாது. ஆனால் தடை போட்ட சில ஆண்டுகளிலேயே, சுற்றுலாத் துறை சிங்கப்பூரா இனப் பூனைக்கு ‘குச்சிந்தா’ என்று பெயரிட்டுத் தன் சின்னமாக்கிக்கொண்டது. மலாயில் பூனைக்கான சொல்லையும் காதலுக்கான சொல்லையும் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. சிங்கப்பூர் ஆற்றோரம் அந்தப் பூனைக்குச் சிலையும் உண்டு. பயணிகள் படம் எடுத்துக்கொள்ளலாம், அங் மோ கியோ அடுக்குமாடியில் வீட்டுக்குள் விடக் கூடாது என்றிருந்தது.

தடை இருந்தது, பூனைகளும் இருந்தன. யாராவது புகார் கொடுக்கும்வரை பொதுவாக யாரும் கதவைத் தட்டுவதில்லை. எங்கள் புளோக்கிலேயே மூன்று வீடுகளில் பூனை இருந்தது எல்லாருக்கும் தெரியும். கீழ்த்தளத்துச் சிறு மளிகையான மாமாக் கடைக்காரர் யார் எந்த டின் வாங்குவார் என்பதுவரை அறிந்திருந்தார். இந்தப் பாதி ஒளிவு வாழ்க்கையின் விலையைப் பூனைகள் கொடுத்தன. பதிவேட்டில் இல்லாத பூனை தொலைந்தால், யாருடையது என்று சொல்ல ஓர் எண்கூட இருக்காது. ‘பூனை காணவில்லை’ என்று மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டினால், அதுவே வீட்டு எண்ணோடு எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். ஆகவே பலர் ஒட்டவில்லை.

வெளியே வாழும் பூனைகளின் வரலாறு இன்னும் மேடுபள்ளமானது. 1998-இல் தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்து மீண்டும் அதே இடத்தில் விடும் திட்டம் வந்தது. 2003-இல் சார்ஸ் பரவியபோது அது கைவிடப்பட்டது. பூனைகள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. அந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது, பூனைகளுக்குச் சோறிடும் மூத்த பெண்மணிகளின் குரல் இன்றும் தணிந்துவிடுகிறது. 2011-இல்தான் பூனை நலச் சங்கத்தோடு சேர்ந்து கருத்தடைத் திட்டம் திரும்பியது. புளோக்கின் கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் பூனையின் இடது காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அது சண்டையில் போனதன்று. அறுவை சிகிச்சை முடிந்ததற்கான அடையாளம். நாய்களுக்கும் 2018 நவம்பரில் இதேபோன்ற தேசியத் திட்டம் தொடங்கியது. ஐந்தாண்டில் தெரு நாய்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை என்பது இலக்கு. பிடிபடும் நாய்களுக்கு முதலில் வீடு தேட வேண்டும், முடியாதபோது மட்டுமே தகுந்த இடத்தில் திரும்ப விட வேண்டும் என்பது அதன் வழிமுறை.

வீவக பூனைத் தடை தளரும் என்பதற்கான முதல் அறிகுறி 2012-இல் சோங் பாங்கில் தெரிந்தது. நம்மவர் பலருக்கும் அறிமுகமான பேட்டை. அதன் நாடாளுமன்ற உறுப்பினர் கா. சண்முகம் விலங்குநலம் பற்றி வெளிப்படையாகப் பேசுபவர். அங்கே மட்டும் சோதனை முறையில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க விட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனாலும் நாடு முழுதும் தடை நீங்க 12 ஆண்டுகள் ஆயின. ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். 2024 செப்டம்பர் 1 அன்று வந்தது. வீவக வீட்டில் இரண்டு பூனைகள், தனியார் வீட்டில் மூன்று. மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம். முதன்முறை விண்ணப்பிப்பவர் இணையத்தில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும். வீவக வீட்டில் சன்னல்களுக்கு வலை போட வேண்டும். ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பவர்கள் 2026 ஆகஸ்ட் 31-க்குள் பதிவு செய்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று இடைக்கால ஏற்பாடும் வந்தது.

வலை விஷயத்தை அலட்சியம் செய்பவர்கள் உண்டு. பூனைக்குத்தான் ஒன்பது உயிராயிற்றே என்பார்கள். ஒன்பதாம் மாடியிலிருந்து விழுந்த பூனையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. காப்பகத்திலிருந்து வீட்டைப் பார்வையிட வருபவர்கள், வரவேற்பறையில் சோபா எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நேரே சமையலறைக்குப் போவார்கள். துணி காயப்போடும் கம்புகளை நீட்டும் சன்னல், கழிவறையின் மேல் சன்னல், வாசல் இரும்புக் கதவின் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வந்தவர் தன் கையை முட்டியாக மடக்கிக் கதவுக் கம்பிகளுக்கு இடையே விட்டுப் பார்த்தார். முட்டி போனால் குட்டியின் தலை போகும். தலை போனால் உடம்பு தானே போய்விடும். அந்த வீட்டுப் பாட்டிக்கு அவமானமாகிவிட்டது. “பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு துருவியதில்லை” என்றார். வலை போட்ட பிறகுதான் குட்டி வந்தது.

தொலைந்த பிராணியைக் கண்டுபிடிப்பதில் காப்பகத்தின் முதல் கருவி, கைக்கு அடக்கமான ஒரு ஸ்கேனர். தோலுக்கு அடியில் இருக்கும் மைக்ரோசிப் ஓர் அரிசி அளவுதான். அதில் மின்கலம் இல்லை, இருப்பிடம் காட்டும் வசதியும் இல்லை. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019 ஏப்ரல் முதல் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின் பதிவேடு சொல்லும். இங்கேதான் பல கதைகள் முறிகின்றன. சிப் இருக்கிறது, எண் வருகிறது, பதிவேட்டில் உள்ள கைபேசி எண்ணை அழைத்தால் ‘இந்த எண் பயன்பாட்டில் இல்லை’. வீடு மாறும்போது வங்கிக்குச் சொல்கிறோம், பள்ளிக்குச் சொல்கிறோம். நாயின் பதிவேட்டுக்குச் சொல்லத் தோன்றுவதில்லை. கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாததற்கு 90. முகவரி மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நாய் ஓடிப்போவதற்கான காரணமும் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் தீபாவளி இரவில்தான் நாய்கள் மிரண்டு ஓடும். இங்கே 1972 முதல் பட்டாசுக்குத் தடை. லிட்டில் இந்தியாவான தேக்காவில் விளக்குதான் எரியும், வெடி வெடிக்காது. மிரட்டுபவை வேறு. உலகிலேயே மின்னல் மிகுந்த ஊர்களில் இது ஒன்று. பிற்பகல் இடி மழையில் கதவு திறந்திருந்தால் போதும். ஆகஸ்ட் 9-க்கு முந்தைய வாரங்களில் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைகளின் போர் விமானங்களும் வாணவேடிக்கையும் உண்டு.

பூனை ஓடினால் தூரம் போகாது. பயந்த பூனை, கண்ணில் படும் முதல் இடுக்கில் புகுந்து, பெயர் சொல்லி அழைத்தாலும் வாய் திறக்காமல் கிடக்கும். பகலில் தெருத் தெருவாக அலைவதைவிட, நள்ளிரவில் கைவிளக்கோடு சொந்தப் புளோக்கின் படிக்கட்டுகளில் மாடி மாடியாக ஏறி இறங்குவது பயன் தரும். ஒளி பட்டால் கண்கள் மின்னும். பதினோராம் மாடியில் இருக்கும் எங்கள் அண்டை வீட்டுப் பூனை நான்கு நாள் கழித்து ஒன்பதாம் மாடியில் கிடைத்தது. அங்கும் அதே மூலை வீடு, அதே நீலக் கதவு. தன் வீடு என்று நம்பி வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான்.

தொலைந்தது வேறு, விட்டுவிட்டுப் போவது வேறு. பிராணியைக் கைவிடுவது சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் பலர் நேராகக் காப்பகத்துக்கே கொண்டுவருகிறார்கள். சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஐந்தாறுதான். அவற்றுள் இரண்டு நம் வீடுகளில் அடிக்கடி கேட்பவை என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

ஒன்று, கர்ப்பம். மருமகளுக்கு நாள் தள்ளிப்போனதும், பூனையை அனுப்பிவிடு என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். இதன் பின்னால் உண்மையான ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்று பெயர். ஆனால் பூனையின் கழிவில் வெளிவரும் அதன் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். மண் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் அதற்கு வாய்ப்பே கொடுப்பதில்லை. அந்த வேலையைக் கணவர் செய்யலாம். சரியாக வேகாத இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் ஒட்டிய மண்ணிலும் அதே தொற்று வரலாம். கீரையை யாரும் காப்பகத்தில் கொண்டுவந்து ஒப்படைப்பதில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பூனையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் நிறைய.

இன்னொன்று, ஊர் திரும்புதல். இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து, நாய் வாங்கி வளர்த்து, ஐந்தாறு ஆண்டு கழித்துத் திடீரென்று சென்னைக்கு மாற்றலாகிறவர்கள் உண்டு. நாயை அழைத்துப்போகவே முடியாது என்று நினைத்துக்கொண்டு ஒப்படைக்க வருகிறார்கள். முடியும். வசிப்பிட மாற்றமாக நிரந்தரமாகத் திரும்புபவர் தன் செல்லப்பிராணியை உடன் கொண்டுபோகலாம். புறப்படுவதற்கு முன்பே இந்திய விலங்குத் தனிமைப்படுத்தல் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சென்னையில் அதற்கான நிலையம் இருக்கிறது. மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, உடல்நலச் சான்றிதழ், விமானத்துக்கு ஏற்ற கூடு என்று வேலைகள் அடுக்கடுக்காக இருப்பதும், செலவு கையைக் கடிப்பதும் உண்மை. அதைப் பயண வாரத்தில் தொடங்கினால் நடக்காது. வாங்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பணிப்பெண் ஊருக்குப் போய்விட்டார், இனி நாயை யார் நடைக்கு அழைத்துப்போவது என்பது மூன்றாவதாகச் சொல்லத்தக்க காரணம். இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. நாய் தன் எசமானர் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணைத்தான் என்பது, ஒப்படைக்கும் நாளில் அது யாரைத் தேடுகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் தத்தெடுப்பு நேர்காணலில் எத்தனை அறை, எவ்வளவு சம்பளம் என்பதற்கு முன்பே ‘காலை ஏழு மணிக்கு நாயை வெளியே அழைத்துப்போவது யார்?’ என்று கேட்கிறார்கள். கையைக் காட்டுபவர் வீட்டுக்காரராக இல்லையென்றால், கேட்பவர் ஏதோ குறித்துக்கொள்வார். வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் கேட்பார்கள்.

வேண்டாம் என்று தாங்கள் திருப்பி அனுப்புபவர்களைப் பற்றித் தொண்டூழியர்கள் அதிகம் பேச விரும்புவதில்லை. இடம் இல்லாமல் தவிக்கும்போது எதற்கு இவ்வளவு கேள்வி என்று வந்தவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கும் ஒருமுறை கோபம் வந்தது. பிறகு ஒரு நாயைப் பார்த்தேன், மூன்று வீடுகளுக்குப் போய் மூன்று முறையும் திரும்பியது. நான்காவது முறை வந்தவர்களை அது எழுந்து நின்று வரவேற்கவில்லை. கூண்டின் பின்சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. என் கோபம் அங்கேயே தணிந்தது.

கறுப்புப் பூனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பெண்மணி ஒருவர் பேத்தியோடு வந்திருந்தார். பேத்தி கறுப்புக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறக்கவே மாட்டேன் என்றாள். பாட்டிக்கு மனமில்லை, காரியத்துக்குக் கிளம்பும்போது குறுக்கே போகுமே என்றார். காப்பக ஊழியர் ஒரு மலாய்ப் பெண். பாட்டி சொன்னதை மொழிபெயர்க்கக் கேட்டு, சிறிது யோசித்துவிட்டு, “வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை எப்படிக் குறுக்கே போகும்? உங்களோடுதான் போகும்” என்றார். குட்டி அன்றே போய்விட்டது.

காப்பகம் ஒவ்வொன்றும் ஒரு விதத்தில் நடக்கிறது. பெரும்பாலும் நன்கொடையில்தான் காலம் ஓடுகிறது. வாடகை, மருத்துவர் கட்டணம், தீவனம், மின்சாரம் எல்லாம் அதிலிருந்துதான். கண் திறக்காத குட்டிகளைக் கூண்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது; இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரவிலும் பால் புகட்ட வேண்டும். அதற்காகத் தற்காலிகமாக வளர்த்துக்கொடுக்க முன்வரும் வீடுகளின் பட்டியல் ஒன்று எல்லாரிடமும் இருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேர் குட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டுவிடுவார்கள் என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அலுப்பில் மகிழ்ச்சிதான் அதிகம் இருந்தது.

முத்துவிடம் வருகிறேன். தெம்பனிஸ் குடும்பம் அதைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டையான ஒரு பெண் நாயை அழைத்துப்போனது. நல்ல குடும்பம், நல்ல நாய், குறை சொல்ல எதுவுமில்லை. முத்துவுக்கு இனித் தரைவீட்டுக்காரரோ தனியார் அடுக்குமாடிக்காரரோ வர வேண்டும். அப்படி வருபவர்கள் பெரும்பாலும் குட்டி நாய்தான் கேட்கிறார்கள். முத்துவுக்கு ஆறு வயது இருக்கும் என்று பல்லைப் பார்த்து மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் போனபோது கூண்டின் அட்டை மாறியிருந்தது. ‘மோட்டோ’ அடிக்கப்பட்டு, மேலே ‘முத்து’. ‘கட்டளைகளுக்குப் பணிவதில்லை’ என்ற வரியும் அடிக்கப்பட்டிருந்தது. கீழே யாரோ சீன எழுத்தில் ஐந்தாறு சொற்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு படம் வரைந்திருந்தார்கள்: உட்கார்ந்த நாய், நிற்கும் நாய், தட்டின்முன் காத்திருக்கும் நாய். என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தொண்டூழியரைக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு வாசித்துக்காட்டினார். “உக்காரு. எந்திரி. இரு. போதும். சாப்டியா.” கடைசிச் சொல்லுக்கு முத்து அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலித் தட்டை மூக்கால் அவர் பக்கம் தள்ளியது.